சிரிப்பு உள்ள கேசட்

டோக்கியோ, கத்சுஷிக்கா
2009 பிப்ரவரி 11

அன்புத் தம்பி ஹிசாவோவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? புத்தாண்டு அட்டையில் நீ 'கடுங்குளிர் நிலவும் இவ்வேளையில் தங்கள் உடல்நிலை எவ்வாறுள்ளது' என்று எழுதியிருந்தாய். வரி அலுவலகக் கடிதம் என்று நினைத்து நெஞ்சு அடைத்துவிட்டது. அக்காவுக்குத்தானே எழுதுகிறாய்? நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கொஞ்சம் இறங்கி வா.

ஏன் போன் பண்ணாமல் எழுதுகிறேன் என்று கேட்பாய். தொண்டை டாக்டர் போட்ட உத்தரவு. மேடையில் பாடலாம், போனில் மட்டும் பேசக்கூடாதாம். "உங்களுக்குப் பாட்டால தொண்டை கெடலம்மா, பேச்சாலதான் கெட்டுச்சு" என்றார். ஐம்பத்து நாலு வயதில் இந்தப் பெயர் வாங்கியிருக்கிறேன்.

புதுப் பாட்டு கடைக்கு வந்துவிட்டது. கப்பல் புறப்படுகிறது, கப்பலிலும் கரையிலும் ஆளுக்கொரு முனை பிடித்த வண்ணக் காகிதச் சுருள் அறுகிறது, ஒருத்தி அழுகிறாள். எங்கள் கம்பெனிக்கு வேறு என்ன தெரியும்? நான் ஓக்கினாமி ரன்கோ என்ற மேடைப் பெயர் எழுதிய துணிப்பட்டையைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு, பாட்டுக் கடை வாசலில் பீர் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் நின்று பாடி விற்கிறேன். கம்பெனி ஆள் ஓகுரி கூடவே வருகிறார். அக்டோபருக்குள் நன்றாக விற்காவிட்டால் அடுத்த பாட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பிறகு பழையபடி சோற்று டப்பா கட்டும் தொழிற்சாலைதான்.

புத்தாண்டுக்கு உனக்கு அனுப்பியது கடையில் கிடைக்காத கேசட். ஒத்திகையில் இரண்டாம் சரணத்தில் நான் சிரித்துவிட்டேன். பதிவு செய்தவர் வேடிக்கைக்காக எனக்கு ஒரு கேசட்டில் எடுத்துக் கொடுத்துவிட்டு மூலத்தை அழித்துவிட்டார். கடையில் இருப்பதில் ஒழுங்காக அழுதிருக்கிறேன். சிரித்தது உலகத்திலேயே உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. பத்திரம்.

வாயாடும்,
அக்கா சுமியே


ரிஷிரித் தீவு
2009 மார்ச் 3

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

கரையோரப் பனிக்கட்டி இளகத் தொடங்கும் இந்நாட்களில் தாங்கள் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறேன். முழங்கால் சென்ற ஆண்டைவிடப் பரவாயில்லை. தொண்டைக்குக் கடற்பாசிச் சாறு நல்லது. உலர்ந்த கடற்பாசி தனியே அனுப்பியுள்ளேன்.

கேசட் கேட்டேன். நன்றாக இருந்தது. பலமுறை கேட்டேன். வீட்டிலுள்ள கேசட் கருவி பழையது, சில நேரம் நாடாவைத் தின்றுவிடுகிறது. எனவே கவலையாக உள்ளது. எங்கள் மீனவர் சங்க அலுவலகத்தில் புதிதாகக் கணினி வந்துள்ளது. குமாஸ்தாப் பெண் செல்வி நோசே எல்லாம் கற்றவர். எனக்கும் சொல்லித் தருகிறார்.

இரண்டாம் சரணம் குறித்து ஒன்று கேட்க வேண்டும். பிறகு எழுதுகிறேன்.

ஹிசாவோ


கோஃபு, ரயில் நிலையத்தை ஒட்டிய விடுதி
2009 ஏப்ரல் 20

தம்பிக்கு,

இங்கே செர்ரிப் பூ உதிர்ந்து தெருக் கூட்டுகிறவருக்கு வேலை வைத்திருக்கிறது. பார், எனக்கும் பருவ வணக்கம் எழுத வருகிறது. கடற்பாசி வந்தது. ஓகுரியின் காரெல்லாம் நம் ஊர் வாசம்.

ஒரு கதை கேள். நேற்று இங்கே கடைத்தெருவில் பீர் பெட்டிமேல் நின்று பாடி முடித்தேன். கேட்டவர்கள் நாலு பேர், ஒருவர் நாயோடு வந்தவர். அப்போது டாக்சியை ஓரம் கட்டிவிட்டு ஓர் ஓட்டுநர் ஓடி வந்தார். வெள்ளைக் கையுறைகூடக் கழற்றவில்லை.

"அக்கா, அந்தச் சிரிக்கிற பாட்டு நீங்கதானே?"

"அழுகிற பாட்டுங்க."

"இல்லக்கா, நடுவுல ஒரு சிரிப்பு வருமே. என் மக கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டினா. பிரயாணி இல்லாதப்பல்லாம் அதையேதான் முணுமுணுக்கிறேன்."

ஓகுரியின் முகம் வேகவைத்த நண்டு மாதிரி ஆனது. இரவு விடுதியில் கணினியைத் திறந்து காட்டினார். உண்மைதான். யாரோ என் பாட்டை இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். படம் ஒன்றும் இல்லை, வெறும் நீலத் திரை. பன்னிரண்டாயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். பன்னிரண்டாயிரம் பேர் என் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தாலும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"எல்லாம் திருட்டுக் கேட்பு" என்றார் ஓகுரி. "இத்தனை பேரும் வாங்கியிருந்தா நாம எங்க இருந்திருப்போம்?"

"இத்தனை பேருக்கும் நேத்துவரைக்கும் நான் பொறந்ததே தெரியாதே" என்றேன்.

நீ இதற்கெல்லாம் வெகுதூரம். உனக்குக் கணினி என்றால் அதன் மேல் துணி போட்டு மூடத்தான் தெரியும். சும்மா சொன்னேன்.

அக்கா


ரிஷிரித் தீவு
2009 மே 10

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

மலையுச்சியில் மட்டும் பனி எஞ்சியிருக்கும் இளவேனிலில் தங்கள் தொண்டை நலமா? இங்கு அனைவரும் நலம்.

தங்கள் கடிதம் கண்டு யோசித்தேன். இலவசமாகக் கேட்பவர்கள் பின்னர் வாங்க மாட்டார்கள் என்று சொல்லிவிட முடியாது என்பது என் தாழ்மையான கருத்து. மீன் சந்தையில் முள்ளோட்டை உடைத்துக் கடல்முள்ளிச் சதையை ஒரு வாய் சுவைக்கக் கொடுப்பதில்லையா? சுவைத்தவர்கள் எல்லோரும் வாங்குவதில்லை. ஆனால் வாங்குபவர்கள் எல்லோரும் சுவைத்தவர்கள். நேற்று மாலை வரை பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பேர் கேட்டுள்ளனர். அவர்களில் நூற்றில் ஒருவர் வாங்கினாலும் தங்களுக்கு நல்லதுதானே. அதை ஏற்றியவர் தீய எண்ணத்துடன் செய்திருக்க மாட்டார் என்றும் தோன்றுகிறது.

செல்வி நோசேவும் இதே கருத்து உடையவர்.

ஹிசாவோ


மட்சுமோத்தோ
2009 மே 28

தம்பிக்கு,

நலம். உன் கடிதத்தைக் குளித்துவிட்டு வந்து படித்தேன், மறுபடி வேர்த்துவிட்டது. கணினிக்குத் துணி போடுகிறவனுக்கு நானூற்றுப் பன்னிரண்டு வரைக்கும் கணக்குத் தெரிகிறதே. நேற்று மாலை என்றும் போட்டிருக்கிறாய். மீனவர் சங்கத்தில் மீனையும் இப்படித்தான் எண்ணுகிறீர்களா? கடிதத்தைப் படித்த கையோடு அடுப்பில் போட்டுவிட்டேன், கவலைப்படாதே. காகிதம் நன்றாக எரிந்தது.

இப்போது விஷயம். கடைகளுக்கு ஆள் வருகிறார்கள். முன்பு நாலு பேர் நின்ற இடத்தில் முப்பது பேர் நிற்கிறார்கள். வருகிறவர்களிடம் எல்லாம் "எங்க கேட்டீங்க?" என்று கேட்டு விளம்பரத் தாளின் பின்பக்கம் கோடு போட்டேன். பத்தில் எட்டுப் பேர் "இணையத்துல" என்கிறார்கள். உன் கடல்முள்ளிக் கதை சரி என்று குதித்தேன்.

பிறகுதான் வேடிக்கை. கேசட்டைக் கையில் எடுக்கிறார்கள். கடைக்காரர் போட்டுக் காட்டுகிறார். இரண்டாம் சரணம் வருகிறது. நான் அழகாக அழுகிறேன். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள்.

"இதுல சிரிப்பு இல்லையேக்கா?"

"இதுல இல்லங்க. இது முறையான பதிவு."

"அப்படியா. பரவாயில்ல. உடம்பைப் பார்த்துக்குங்க."

கேசட்டை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, குனிந்து வணங்கிவிட்டுப் போகிறார்கள். அந்த டாக்சி ஓட்டுநரும் அன்று அப்படித்தான் போனார், முன் கடிதத்தில் எழுத வெட்கமாக இருந்தது. நல்ல மரியாதையுள்ள ஜனம். சுவைக்கக் கொடுத்தது கடல்முள்ளி, கூடையில் இருப்பது முள்ளங்கி. எப்படி வாங்குவார்கள்?

ஓகுரி புகார் மனு கொண்டுவந்திருக்கிறார். போலீசுக்கு. பாடியவள் என்று நானும் கையெழுத்துக்குப் பதில் என் பெயர் முத்திரையைக் குத்த வேண்டுமாம்.

"சிரிப்பு இருக்கிற கேசட்டை யார்கிட்டக் கொடுத்தீங்கக்கா? அது தெரிஞ்சா ஆள் மாட்டிடுவான்."

"எங்க வெச்சேன்னு ஞாபகமில்ல."

"சரி, முத்திரையாவது குத்துங்க."

"அதையும் குளியல் கூடத்துல தொலைச்சுட்டேன்."

"முத்திரையை எடுத்துக்கிட்டா குளிக்கப் போவாங்க?"

"நான் போவேன்."

ஓகுரி மனுவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். மனு அவர் பையில்தான் இருக்கிறது.

இரண்டாம் சரணம் பற்றி என்னவோ கேட்க வேண்டும் என்றாயே. அது என்ன?

அக்கா


டோக்கியோ
2009 ஜூலை 1

தம்பிக்கு,

உன் பதில் இல்லை. மழைக்காலத் தபால் நனைந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். முழங்காலைச் சூடாக வைத்திரு.

ஜூன் மத்தியில் கம்பெனி அந்தத் தளத்துக்கு எழுதி, பாட்டை எடுக்க வைத்துவிட்டது. நாற்பதாயிரத்தை நெருங்கியிருந்தது. எடுத்த மறுவாரம் முப்பது பேர் எட்டுப் பேராகி, அதற்கடுத்த வாரம் பழைய நாலு பேர். எந்த ஊரிலும் ஒரு நாய் மட்டும் ஒழுங்காக வந்துவிடுகிறது. திருடர்களை விரட்டியதும் கூட்டமாக வந்து வாங்குவார்கள் என்று கம்பெனியில் யாரோ கணக்குப் போட்டிருந்தார்கள். ஓகுரி இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அவர் ஒன்று சொன்னார். சிரிப்பு உள்ள பதிவு கிடைத்தால் அதையே கேசட்டாகப் போட்டுப் பார்க்கலாம் என்று கம்பெனியில் ஒப்புக்கொண்டிருக்கிறார்களாம். இணையத்தில் இருந்தது தேய்ந்த ஒலி, அச்சடிக்க ஆகாது. மூலம் அழிந்துவிட்டது. கேசட்டே வேண்டும்.

"ஆனா அக்கா, கேசட்டை யார் கொடுக்கிறாங்களோ அவங்கதான் ஏத்தினவங்க. மேலிடத்துல விட மாட்டாங்க" என்றும் சொன்னார்.

அதனால் நான் யாரிடமும் கேட்கவில்லை. இந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை. அந்தக் கேசட் எந்த ஊரில், எந்த அலமாரியில் இருந்தாலும் அங்கேயே இருக்கட்டும். அரசாங்கத்துக்கு அடுத்தபடி மதிப்பான வேலையில் இருக்கிற ஆள் ஒருவன் வீட்டில் அது இருக்கிறது என்று வைத்துக்கொள், அவன் வேலையைவிட என் பாட்டு பெரிதா? டப்பா கட்டும் தொழிற்சாலையில் எனக்குப் பழைய தோழிகள் உண்டு. முட்டை வைப்பதில் நான் வேகக்காரி.

அக்கா


ரிஷிரித் தீவு (அஞ்சலட்டை)
2009 ஜூலை 24

கடும் வெப்பம் நிலவும் இவ்வேளையில் தங்கள் நலம் நாடுகிறேன். கடற்பாசி அறுவடை தொடங்கிவிட்டது. விடிவதற்குமுன் கரைக்குச் செல்கிறோம். பிறகு எழுதுகிறேன். ஹிசாவோ.


டோக்கியோ
2009 செப்டம்பர் 2

தம்பிக்கு,

வெயில் தணிந்திருக்கிறது. கடற்பாசி உலர்ந்து முடிந்திருக்கும். உனக்கும் கை ஓய்ந்திருக்கும்.

தொழிற்சாலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மேற்பார்வையாளர் புதியவர், இளைஞர். "முன் அனுபவம்?" என்று கேட்டார். "பதினேழு வருஷம் சோத்துல ஊறுகா வெச்சேன், ஒன்பது வருஷம் கடை வாசல்ல பாடினேன்" என்றேன். இரண்டாவதை எழுதிக்கொள்ளவில்லை. அக்டோபர் மத்தியில் சேரலாம் என்றார். தலைக்கு வலைத்தொப்பி போட்டுப் பார்த்தேன், முகத்துக்குப் பொருந்துகிறது.

ஓகுரிக்குத்தான் வருத்தம். காரில் என் பாட்டைப் போட்டு, இரண்டாம் சரணம் வரும்போது ஒலியைக் குறைக்கிறார்.

உன்னிடமிருந்து கடிதம் இல்லாவிட்டால் பரவாயில்லை. அந்த வரி அலுவலக வணக்கம் மட்டும் ஒரு வரி எழுதிப் போடு. வரவில்லை என்றால் என்னவோ போல் இருக்கிறது.

அக்கா


ரிஷிரித் தீவு
2009 செப்டம்பர் 15

அக்காவுக்கு,

இலையுதிர் காலம் தொடங்கிவிட்டது. நலமா?

இத்துடன் உள்ள கடற்பாசிப் பொட்டலத்தின் நடுவில் கேசட் உள்ளது. ஓகுரி அவர்களிடம் கொடுங்கள். அனுப்பியவர் பெயரையும் சொல்லலாம். சங்கத் தலைவரிடம் நானே சொல்லிவிட்டேன். அவர் வெகுநேரம் தேநீர் குடித்தார். பிறகு, "எனக்கும் அந்தப் பாட்டு பிடிக்கும்" என்றார்.

நடந்ததை எழுதுகிறேன். அடிக்கடி போட்டதால் நாடா தேய்ந்துவிடும் என்று பயமாக இருந்தது. செல்வி நோசேவிடம் கேட்டேன். கணினியில் ஏற்றி வைத்தால் எத்தனை முறை கேட்டாலும் தேயாது என்றார். அதற்கு ஓர் இடத்தையும் காட்டினார். பொருளை வைத்துக்கொள்ளும் பெட்டி என்று நினைத்தேன். அதற்கு மூடி இல்லை என்பது எனக்குத் தெரியாது. என்னைத் தவிர இன்னொருவர் கேட்டதாக எண் காட்டியபோது, செல்வி நோசே கேட்டிருப்பார் என்று நினைத்தேன். பிறகு ஐந்நூறு ஆனது. அப்போதே எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. தினமும் காலையில் எண்ணைப் பார்ப்பது நன்றாக இருந்தது. தங்களுக்கு உதவும் என்றும் நினைத்தேன். அந்த வாதம் பின்னால் கண்டுபிடித்தது.

கேசட்டை முன்பே அனுப்பியிருக்க வேண்டும். கடற்பாசி ஒரு சாக்கு. பயந்தேன் என்பதுதான் உண்மை.

மார்ச்சில் கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். அந்த இடத்தில் ஏன் சிரித்தீர்கள்? அந்தச் சிரிப்பை நான் முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறேன், தாங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்ட கப்பலிலிருந்து. அன்றைக்கும் ஏன் என்று தெரியவில்லை.

ஹிசாவோ


கோஃபு
2009 நவம்பர் 20

அன்புத் தம்பி ஹிசாவோவுக்கு,

நான் நலம். உன் கடிதத்தில் பருவ வணக்கம் நாலு சொல்லாகச் சுருங்கியிருந்தது. அதைப் பார்த்துத்தான் நீ எவ்வளவு கலங்கியிருக்கிறாய் என்று புரிந்தது. இனி எல்லாம் சரி, பழையபடி நீளமாக எழுது.

முதலில் கேசட் கதை. பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓகுரியின் காருக்கே எடுத்துப் போனேன். கேசட்டைக் கருவிக்குள் போட்டதும் காரெல்லாம் கடற்பாசி வாசம். வசந்த காலத்தில் வந்த அதே வாசம். ஓகுரி மோந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியே ஒரு மின்கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டு முழுவதும் ஓடியது. சிரிப்பு வந்தது, போனது.

"அக்கா, பேர் எழுதாம தபால்ல வந்துச்சுன்னு மேலிடத்துல சொல்லிடட்டுமா?"

"உங்க இஷ்டம்."

"அனுப்பினவர் நல்ல கடற்பாசி வியாபாரியோ என்னவோ."

"வியாபாரியா இருந்தா இலவசமா அனுப்புவாரா?"

அவர் புகார் மனுவை எடுத்து நாலாக மடித்து, ஈரக் குடையை வைக்கக் காலடியில் போட்டார். என் முத்திரையும் அன்றே கிடைத்துவிட்டது. சீப்புப் பெட்டியில் இருந்தது. எப்போதும் அங்கேதான் இருந்தது. அதைச் சிரிப்புக் கேசட்டுக்கான ஒப்பந்தத்தில் குத்தினேன். அச்சடிக்க நாள் ஆகும் என்பதால் அக்டோபர் தவணையை வருடக் கடைசிக்குத் தள்ளி வைத்தார்கள்.

இன்று கோஃபுவில் அதே கடை, அதே பீர் பெட்டி. இருபது பேர் வந்தார்கள். பதினொரு பேர் வாங்கினார்கள். மூன்று பேர் வாங்காமல் போனில் பதிவு செய்தார்கள். ஓகுரி பாய்ந்து தடுக்கப் போனார், நான் அவர் கோட்டைப் பிடித்து இழுத்துவிட்டு, பதிவு செய்கிறவர்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மீதிப் பேர் கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். இதை வைத்து நீ வாதம் செய்தால் நீ ஜெயிப்பாய், ஓகுரி செய்தால் அவரும் ஜெயிப்பார். எனக்கு அடுத்த பாட்டு உண்டா என்று இன்னும் தெரியாது. தொழிற்சாலைக்காரரிடம் ஜனவரி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். வலைத்தொப்பியை மட்டும் கொடுத்துவிட்டார்.

டாக்சி ஓட்டுநரும் வந்தார். கேசட்டை வாங்கி, கையுறைக் கையால் துடைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"வண்டியில கேசட் கருவி இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. வீட்டுலயும் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"கேட்கிறதுக்குத்தான் மக ஏற்கெனவே எடுத்து வெச்சிருக்காளே. இது வெச்சுக்கறதுக்கு." பிறகு, "அந்த இடத்துல ஏன்க்கா சிரிச்சீங்க?" என்றார்.

"அது விக்கிறதுக்கு இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் அதுதான் பதில். உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

நான் தீவைவிட்டு வேலைக்குப் புறப்பட்ட அன்று எனக்குப் பதினைந்து, உனக்கு ஒன்பது. வேலைக்குப் போகிற பிள்ளைகளால் கப்பல் நிறைந்திருந்தது. எல்லோரும் கரைக்குச் சுருள் வீசினார்கள். என் மஞ்சள் சுருளின் மறுமுனையை நீ பிடித்தாய். கப்பல் நகர்ந்ததும் மற்றவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள், சுருள் இழுபட்டு அறுந்தது. அது அறுவதற்குத்தான். நீ மட்டும் அறுந்துவிடக் கூடாதென்று துறையோடு கூடவே ஓடி வந்தாய். துறை முடிந்துபோனது. நீ நிற்கவில்லை.

கப்பலில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் சிரித்தேன். நீ அதைத்தான் கேட்டாய். நீ தண்ணீருக்குள் போன பிறகும் உன் வலது கை மட்டும் மேலே நின்றது, காகிதம் நனையாமல் மஞ்சள் நுனியைத் தூக்கிப் பிடித்தபடி. அதைக் கண்டுதான் சிரித்தேன். அந்தக் கையைப் பார்த்த பிறகு பயம் போய்விட்டது. எந்த ஊருக்கும் போகலாம் என்றிருந்தது. உன்னை மீனவர்கள் தூக்கிக் கரையில் போட்டதும், "அறுந்துடுச்சா?" என்றுதான் முதலில் கேட்டாயாம். அம்மா பிறகு எழுதினாள்.

இரண்டாம் சரணத்துக்குக் கம்பெனி எழுதிக் கொடுத்த வரி, 'மறுமுனையைப் பிடிக்க யாருமில்லை'. மைக் முன்னால் கண்ணை மூடினேன். உன் கை தெரிந்தது. அப்படி ஒரு பொய்யை எப்படி அழுதுகொண்டு பாடுவது?

மே மாதம் கப்பலில் வருகிறேன், ஓகுரியின் உத்தரவு வாங்கியாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள். துறையில் ஓரமாக நிற்காதே.

அக்கா சுமியே